நிச்சயதார்த்த வைர மோதிரம்: அளவான பட்ஜெட்டில் வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தங்கம் வாங்கத் தெரிந்த குடும்பங்கள்கூட வைரம் என்றதும் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்டுக்கொள்கின்றன. தங்கத்துக்கு அன்றன்றைய விலை பேப்பரில் வருகிறது, வைரத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பணம் அதிகமாகப் போவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். தமிழ்நாட்டு நகைக்கடைகளில் நிச்சயதார்த்த மோதிரம் எடுக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகளை மனத்தில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

எவ்வளவு பணம் ஒதுக்கலாம்? இரண்டு மாதச் சம்பளம் என்கிறார்களே?

அந்தக் கணக்கை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தின் அமெரிக்க விளம்பரம். அதற்கும் உங்கள் வீட்டு வரவு செலவுக்கும் சம்பந்தம் இல்லை.

வரி உட்பட இவ்வளவுக்கு மேல் இல்லை என்று கையில் கொடுக்கப்போகும் கடைசித் தொகையை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து தங்கம், கூலி, வரி மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதுதான் கல்லுக்கான பணம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஒரு கல் பிடித்துப்போகிறது, மற்றதெல்லாம் பிறகு பில்லில் ஏறுகிறது.

வைர மோதிரத்தைச் சேமிப்புக் கணக்கில் எழுதவும் வேண்டாம். திரும்ப விற்கப் போனால் தங்கத்துக்கு விலை கிடைக்கும். சிறு கல்லுக்கு வாங்கிய விலை கிடைப்பது அரிது. சேமிப்புதான் நோக்கம் என்றால் அந்தப் பணத்துக்குத் தங்கக் காசு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பில்லை எப்படிப் படிப்பது?

நான்கு தொகைகள் தனித்தனியாக இருக்க வேண்டும்: தங்கம், கல், செய்கூலி (சேதாரம் உட்பட), ஜி.எஸ்.டி. "மொத்தமாக எழுபதாயிரம்" என்று சொல்லும் கடையில் பிரித்துக் கேளுங்கள். பிரித்துத் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

கணக்கு புரிவதற்காக முழு எண்களை வைத்துப் பார்ப்போம் (இவை இன்றைய விலை அல்ல). மோதிரத்தின் மொத்த எடை 3.50 கிராம், அதில் 30 சென்ட் கல். கல்லின் எடையில் ஒரு காரட் 100 சென்ட், அதாவது 0.2 கிராம் (தங்கத்தில் சொல்லும் காரட் வேறு, அது தூய்மையைக் குறிக்கும்). ஆக 30 சென்ட் கல்லின் எடை 0.06 கிராம், தங்கத்தின் நிகர எடை 3.44 கிராம். 18 காரட் தங்கம் கிராம் 10,000 என்றால் தங்கத்துக்கு 34,400. கூலி 15 சதவீதம் என்றால் 5,160. கல் காரட்டுக்கு ஒரு லட்சம் என்றால் 30,000. கூட்டினால் 69,560. அதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. 2,086.80. கொடுக்க வேண்டியது 71,646.80.

சரிபார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. தங்க விலை நிகர எடைக்குப் போடப்பட்டதா, மொத்த எடைக்கா? ஒற்றைக் கல்லில் வித்தியாசம் சிறியது, ஆனால் நிறையக் கற்கள் உள்ள மோதிரத்தில் கல்லுக்கும் தங்க விலை கொடுத்துவிடுவீர்கள். அடுத்து, 18 காரட் நகைக்கு 18 காரட் விலைதான் போட்டிருக்கிறார்களா? அது 24 காரட் விலையில் முக்கால் பங்கு அளவில் இருக்க வேண்டும். கடைப் பலகையில் பெரிதாகத் தெரிவது 22 காரட் விலை, அவசரத்தில் அதுவே பில்லிலும் ஏறிவிடலாம்.

22 காரட்டில் செய்யலாமா? வீட்டில் 18 காரட் வேண்டாம் என்கிறார்கள்.

மோதிரம் மற்ற நகைகளைவிட அதிகமாக அடிபடும். கதவுக் கைப்பிடி, பைக் ஹேண்டில், பாத்திரம் என்று நாள் முழுக்க எதிலாவது இடிக்கும். 22 காரட் மென்மையானது. அதில் மெல்லிய பிராங்குகள் (கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகள்) வைத்தால் மெல்ல வளைந்து கல் கழன்றுவிடும். திறந்த செட்டிங் வேண்டுமானால் 18 காரட்தான் சரி. 14 காரட் இன்னும் கெட்டி, விலையும் குறைவு, மஞ்சள் நிறம் கொஞ்சம் மங்கல்.

22 காரட்தான் வேண்டும் என்று பெரியவர்கள் நின்றால், கல்லைச் சுற்றித் தங்கத் தகடு முழுவதுமாக அணைத்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் வைரத் தோடுகள் காலங்காலமாக 22 காரட்டில் நிற்பதற்கு அந்தக் குளோஸ் செட்டிங்தான் காரணம்.

அப்படியென்றால் மோதிரத்துக்கும் குளோஸ் செட்டிங்கே நல்லதா?

உறுதிக்கு நல்லது. வாங்குபவர் சோதித்துப் பார்க்கக் கெட்டது. கல்லின் அடிப்பாகம் முழுவதும் மூடியிருப்பதால் நிறத்தைக் கணிப்பது கடினம், எடையை நேரடியாகப் பார்க்க முடியாது. பின்புறம் அழுக்கும் எண்ணெயும் புகுந்தால் பளபளப்பு குறையும், சுத்தம் செய்வதும் எளிதல்ல. புதிதாக வாங்குகிறவர்களுக்குப் பின்புறம் திறந்த அமைப்பையே பரிந்துரைக்கிறோம். பக்கவாட்டைத் தகடு மூடி, அடி மட்டும் திறந்திருக்கும் வகையும் உண்டு. தினமும் சமையல், வேலை என்று கை ஓயாதவர்களுக்கு அதுவே பொருத்தம்.

பிராங் வகையில் நான்கா ஆறா என்றால், கால் காரட்டுக்கு உட்பட்ட கல்லுக்கு நான்கு போதும். அரை காரட்டை நெருங்கினால் ஆறு நிம்மதி. நான்கில் ஒன்று போனால் கல் ஆடத் தொடங்கிவிடும். ஆறில் ஒன்று போனாலும் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

எத்தனை சென்ட் வாங்குவது? கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும்?

கண் பார்ப்பது மேல்விட்டத்தை, சென்ட்டை அல்ல. நன்றாக வெட்டப்பட்ட வட்டக் கல்லின் விட்டம் சுமாராக இப்படி இருக்கும்: 10 சென்ட் 3 மி.மீ., 20 சென்ட் 3.8, 30 சென்ட் 4.3, 50 சென்ட் 5.1, ஒரு காரட் 6.4 அல்லது 6.5. எடை பத்து மடங்கு கூடும்போது விட்டம் இரண்டு மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவே.

விலையோ எடையோடு சீராக ஏறுவதில்லை, படி படியாகத் தாவுகிறது. மொத்த வியாபாரத்தில் 23–29, 30–39, 40–49, 50–69 சென்ட் என்று தனித்தனி அடுக்குகள். அடுக்கு மாறும்போது காரட் விலையே மாறும். ஆகவே 50 சென்ட் கேட்பதைவிட "46 முதல் 49க்குள் என்ன இருக்கிறது" என்று கேளுங்கள். 48க்கும் 50க்கும் விட்டத்தில் 0.1 மி.மீ.கூட வித்தியாசம் இல்லை. 30க்குப் பதில் 28ம் அப்படித்தான். இந்த எடைகளில் கல் எளிதில் கிடைக்காது என்பது உண்மை. பட்டை தீட்டுபவரும் 50ஐத் தொடத்தான் பார்ப்பார், அதற்காகக் கல்லைத் தடிமனாக விட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் சான்றிதழில் மி.மீ. அளவைப் பார்க்கச் சொல்கிறோம். 30 சென்ட் என்று எழுதிவிட்டு விட்டம் 4.1 மட்டும் இருந்தால், எடை அடியில் ஒளிந்திருக்கிறது. நீங்கள் காசு கொடுப்பது மேலிருந்து பார்த்தால் தெரியாத பாகத்துக்கு.

வெட்டு, நிறம், தெளிவு, எடை. இவற்றில் எதை விட்டுக்கொடுக்கலாம்?

வெட்டை விட்டுக்கொடுக்காதீர்கள். வைரம் ஜொலிப்பது வெட்டினால்தான். மேலே விழும் ஒளி அடிப்பட்டைகளில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வர வேண்டும். அடி மிக ஆழமாக இருந்தால் நடுவில் கறுத்துத் தெரியும். மிகத் தட்டையாக இருந்தால் நடுவில் சாம்பல் நிற வளையம் தெரியும். வட்டக் கல்லுக்குச் சான்றிதழில் "எக்ஸலண்ட்" என்றிருப்பதோடு, மொத்த ஆழம் விட்டத்தில் 60 முதல் 62.5 சதவீதம், மேல்தட்டு (மேலே உள்ள தட்டையான முகம்) 54 முதல் 58 சதவீதம், மேற்கோணம் (கிரவுன்) 34 முதல் 35 டிகிரி, அடிக்கோணம் (பெவிலியன்) 40.6 முதல் 41 டிகிரி என்ற எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கடையின் ஸ்பாட் விளக்குகளுக்குக் கீழே எந்தக் கல்லும் மின்னும். மோதிரத்தை வாசலுக்கு எடுத்துப் போய் நிழலில் பாருங்கள், அங்கேயும் உயிரோடு இருந்தால் வெட்டு நல்லது.

நிறத்திலும் தெளிவிலும் தாராளமாக இறங்கலாம். நிறத்தை டி (நிறமற்றது) தொடங்கி ஆங்கில எழுத்து வரிசையில் குறிப்பார்கள், எழுத்து தள்ளத் தள்ள மஞ்சள் கூடும். தெளிவில் வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்ற வரிசையில் உட்குறைகள் கூடும். நம் கடைகளில் "ஈ-எஃப், வி.வி.எஸ்." என்ற தரம் ஒரு மந்திரம்போல் ஆகிவிட்டது. வி.வி.எஸ். கல்லில் உள்ள குறைகள் பத்து மடங்கு லென்ஸில், பழகிய கண்ணுக்கே சிரமப்பட்டுத்தான் தெரியும். வி.எஸ்.2 கல்லிலும் வெறும் கண்ணுக்குப் பொதுவாக எதுவும் தெரியாது. எஸ்.ஐ.1 கல்லில் குறை நடுவில் கறுப்பாக இல்லாமல் ஓரத்தில் வெள்ளையாக இருந்தால், கல்லைப் பார்த்து வாங்கலாம். நிறத்தில், மஞ்சள் தங்கத்தில் பதிக்கும் கல்லுக்கு ஹெச் அல்லது ஐ போதும். தங்கத்தின் மஞ்சளே கல்லில் பிரதிபலிக்கும்போது டி நிறத்துக்குக் கூடுதல் பணம் கொடுத்து என்ன பயன்? வெள்ளைத் தங்கம், பிளாட்டினம் என்றால் ஜி பக்கம் நில்லுங்கள்.

30 சென்ட், எக்ஸலண்ட் வெட்டு, ஹெச் நிறம், வி.எஸ்.2. கேட்க ஒரு வரியை எழுதி எடுத்துப் போக விரும்பினால் இதை எடுத்துப் போங்கள்.

வீட்டில் "புளூ ஜாகர்" கேட்கிறார்கள். அது என்ன?

தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த, லேசாக நீலம் பாய்ந்த வெள்ளைக் கற்களுக்கு ஏற்பட்ட பெயர். அந்தச் சுரங்கம் எப்போதோ மூடப்பட்டுவிட்டது. இன்று அந்தப் பெயரில் விற்பது கடை கொடுக்கும் அடையாளம்தான், எந்த ஆய்வகமும் அதை ஒரு தரமாக எழுதித் தருவதில்லை.

அந்த நீலச் சாயல் பெரும்பாலும் ஃப்ளூரசன்ஸ், அதாவது புற ஊதா ஒளியில் கல் நீலமாக ஒளிர்வது. ரூபாய் நோட்டு சோதிக்கும் விளக்கின் கீழ் வைத்தால் தெரியும். உலகச் சந்தையில் வலுவான ஃப்ளூரசன்ஸ் உள்ள வெள்ளைக் கல்லுக்கு விலை குறைவு. அதையே சிறப்பு என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. ஹெச், ஐ நிறக் கல்லில் மிதமான நீல ஒளிர்வு இருந்தால் வெயிலில் கொஞ்சம் வெள்ளையாகவே தெரியும், விலையும் குறையும். வலுவான ஒளிர்வுள்ள சில கற்கள் மட்டும் வெயிலில் பால் கலந்தாற்போல் மங்கும், அவற்றைத் தவிருங்கள்.

"பெல்ஜியம் வைரம்" என்பதும் இதே ரகம். உலகின் வைரங்களில் மிகப் பெரும்பகுதி பட்டை தீட்டப்படுவது சூரத்தில்.

ஒற்றைக் கல்லா, ஏழு கல் சேர்த்ததா?

ஒரே மொத்த எடையில் சிறு கற்கள் வெகு மலிவு. தலா 5 சென்ட் கொண்ட ஏழு கற்களின் மொத்தம் 35 சென்ட். ஒற்றை 35 சென்ட் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் அதில் ஒரு பகுதிதான் வரும், தூரத்திலிருந்து பெரிதாகவும் தெரியும். பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் இது கௌரவமான வழி. ஆனால் விளம்பரத்தில் "அரை காரட் மோதிரம்" என்று படித்தால் அது ஒரு கல்லா, கூட்டுத்தொகையா என்று கேட்டே ஆக வேண்டும். நிறையக் கல் என்றால் கழன்று விழும் வாய்ப்பும் கூலியும் அதிகம். கல்லைச் சுற்றிப் பளபளப்பான தகடு வைத்துப் பெரிதாகக் காட்டும் அமைப்பும் உண்டு. பார்த்துத் தெரிந்தே வாங்கினால் அதில் தவறில்லை.

ஹால்மார்க் இருக்கிறதே, தனியாகச் சான்றிதழ் எதற்கு?

ஹால்மார்க் தங்கத்தை மட்டும் சொல்கிறது, வைரத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. மோதிரத்தின் உள்பக்கம் பி.ஐ.எஸ். (இந்தியத் தரநிலை அமைப்பு) முத்திரை, தூய்மை எண் (18 காரட்டுக்கு 750, 22க்கு 916, 14க்கு 585), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடான ஹெச்.யூ.ஐ.டி. மூன்றும் இருக்க வேண்டும். இந்த முறை 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் விவரம் வரும். கடையிலேயே போட்டுப் பாருங்கள்.

வைரத்துக்கு ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற வெளி ஆய்வகத்தின் அறிக்கை வேண்டும். கடையே அச்சடித்துத் தரும் அட்டை வெறும் வாக்குறுதி. பதிக்கும் முன் கல்லைத் தனியாகச் சோதித்துக் கொடுத்த அறிக்கைக்கும், மோதிரமாகச் செய்த பின் சோதித்த அறிக்கைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பின்னதில் எடையும் நிறமும் கணிப்புதான். 30 சென்ட்டுக்கு மேல் ஒற்றைக் கல் என்றால் முன்னதைக் கேளுங்கள். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்து, கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறித்த எண்ணோடு லென்ஸ் வழியாக ஒப்பிடுங்கள். நல்ல கடையில் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வாங்கலாமா?

அதுவும் வைரம்தான். அதே கார்பன், அதே கடினம், அதே ஜொலிப்பு. கண்ணாலும் சாதாரண லென்ஸாலும் வேறுபாடு காண முடியாது. 2023இல் பிரதமர் மோடி அமெரிக்க அதிபரின் மனைவிக்குக் கொடுத்தது 7.5 காரட் ஆய்வக வைரம்.

விலை மிகக் குறைவு, இன்னும் குறைந்துகொண்டே வருகிறது. அதுவே வசதி, அதுவே சிக்கல். பெரிய கல் ஆசை இருந்து, திரும்ப விற்கும் எண்ணம் இல்லாவிட்டால் நல்ல தேர்வு. "பிற்காலத்தில் மாற்றிக்கொள்ளலாம்" என்ற எண்ணம் இருந்தால் வேண்டாம், அல்லது கடையின் நிபந்தனையை எழுத்தில் வாங்கிய பிறகு யோசியுங்கள். ஜி.ஐ.ஏ. 2025 அக்டோபர் முதல் இவற்றுக்கு இயற்கை வைரத்துக்குரிய நிற, தெளிவுப் படிநிலைகளைக் கொடுப்பதை நிறுத்தி, பிரீமியம், ஸ்டாண்டர்ட் என்ற இரண்டு வகையாக மட்டும் பிரிக்கிறது.

இயற்கை வைரம் என்று பணம் கொடுத்தால் பில்லில் "இயற்கை" என்று எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் வழக்கு என்று வந்தால் அந்த ஒரு சொல்தான் துணை.

கடையில் பேனா மாதிரி கருவியை வைத்து "பீப்" சத்தம் காட்டுகிறார்கள். அது போதுமா?

போதாது. அது கல் எவ்வளவு வேகமாக வெப்பம் கடத்துகிறது என்று பார்க்கும் கருவி. அமெரிக்கன் டைமண்ட் எனப்படும் சிர்கோனியா அதில் மாட்டிக்கொள்ளும். ஆய்வக வைரம் வைரமாகவே பதில் சொல்லும். மாய்சனைட்டும் (வைரம்போல் தோன்றும் வேறொரு செயற்கைக் கல்) வெப்பம் மட்டும் பார்க்கும் கருவியை ஏமாற்றிவிடும். லென்ஸில் சாய்வாகப் பார்த்தால் மாய்சனைட்டின் பின்பட்டைக் கோடுகள் இரட்டையாகத் தெரியும், வைரத்தில் தெரியாது. மூச்சு ஊதிப் பார்ப்பது, பேப்பரில் வைத்து எழுத்தைப் படிப்பது எல்லாம் பொழுதுபோக்கு.

தோஷம் பார்க்க வேண்டுமா?

பழைய இரத்தினப் பரீட்சையில் காகபாதம், களங்கம், விந்து, கோடு என்று குறைகளுக்குப் பெயர் உண்டு. இன்றைய அறிக்கையில் உள்ள கீறல், கறுப்புப் புள்ளி, மேகம் போன்றவற்றைத்தான் அன்றும் பார்த்திருக்கிறார்கள். வீட்டு வழக்கப்படி கல்லைச் சில நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய விரும்பினால், முன்பணம் கொடுக்கும்போதே அதற்கான நாள் கணக்கையும், பிடிக்காவிட்டால் முழுப் பணம் திரும்புமா என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். மோதிரமாகச் செய்த பிறகு "சரிப்படவில்லை" என்றால் கூலியும் வரியும் போனதுதான்.

பாட்டியின் வைரத் தோட்டிலிருந்து கல் எடுத்து மோதிரம் செய்யலாமா?

பட்ஜெட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை, ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். ஏழு கல் தோட்டில் ஒன்றை எடுத்தால் ஜோடியே கெடும். பெரும்பாலும் தோட்டை முழுவதுமாகப் பிரித்து, கற்களைப் பெண்களுக்குள் பங்கிடுகிறார்கள்.

பிரிப்பதற்கு முன் தோட்டை இருபுறமும் நெருக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஒவ்வொரு கல்லையும் காரட் தராசில் நிறுத்து, மி.மீ. அளவும் ஏதேனும் புள்ளி இருந்தால் அது எங்கே என்பதும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கல் மாறியதா என்ற சந்தேகம் உறவையே கெடுத்துவிடும். மெல்லிய விளிம்புள்ள கல் கழற்றும்போது சில்லு போகலாம். வைரம் கடினமானது என்றாலும் சில திசைகளில் அடிபட்டால் பிளந்துவிடும். பழைய வெட்டுக் கற்கள் இன்றைய கற்களைப் போல் மின்னாது, அகலமான பட்டைகளில் மெதுவாக ஒளிரும். அவற்றைப் புதிதாகப் பட்டை தீட்டினால் எடை கணிசமாகக் குறையும், அப்படியே பதிப்பது மேல்.

"100 சதவீத எக்ஸ்சேஞ்ச்" என்றால் கொடுத்த பணம் முழுவதும் திரும்புமா?

திரும்பாது. கூலியும் வரியும் எப்போதும் கழியும். மிச்சத்தில் தங்கத்துக்கு அன்றைய விலை. கல்லுக்கு நீங்கள் வாங்கிய விலையா, அன்றைய விலையா என்பதில்தான் சூட்சுமம். வேறு நகை எடுத்தால் இத்தனை சதவீதம், ரொக்கமாகக் கேட்டால் அதைவிடக் குறைந்த சதவீதம் என்பது வழக்கம். அசல் பில்லும் சான்றிதழும் இல்லாமல் எதுவும் நடக்காது. நிபந்தனை பில்லின் பின்பக்கத்திலேயே அச்சாகி இருக்கும், வாங்கும் முன் படியுங்கள்.

நகைச் சீட்டுப் பணத்தில் வைரம் வாங்கலாமா? ஆடித் தள்ளுபடி?

சீட்டு சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பல 11 தவணைத் திட்டங்களில் சேதாரச் சலுகை தங்கத்துக்கு மட்டும்தான். தள்ளுபடியைப் பொறுத்தவரை, "காரட்டுக்கு இத்தனை ஆயிரம் குறைவு" என்பது எந்த விலையிலிருந்து குறைவு என்று தெரியாதவரை அர்த்தமற்றது. ஒரே தரத்துக்கு இரண்டு கடைகளில் காரட் விலையை எழுதி வாங்கி, கடைசித் தொகையை ஒப்பிடுங்கள்.

வெள்ளைத் தங்கம், பிளாட்டினம்?

வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் முலாம் இருக்கும். தினமும் போட்டால் ஓரிரு வருடத்தில் தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும், திரும்ப முலாம் போட வேண்டும். பிளாட்டினம் நிறம் மாறாது, கூலி அதிகம், திரும்ப எடுக்கும்போது நிறையக் கழிப்பார்கள்.

விரல் அளவு எப்படி எடுப்பது?

நூல் சுற்றி எடுப்பது இழுபடும், ஏமாற்றும். கடையில் வளையக் கொத்து வைத்து, எந்தக் கையில் போடப்போகிறார்களோ அந்தக் கையின் மோதிர விரலில், மாலை நேரத்தில் எடுங்கள். காலையில் விரல் கொஞ்சம் மெலிந்திருக்கும். ரகசியமாக வாங்குவதானால் அவர் அந்த விரலில் போடும் பழைய மோதிரத்தின் உள்விட்டத்தை அளந்து, 3.14ஆல் பெருக்கி, 40ஐக் கழித்தால் நம் ஊர் அளவு எண் வரும். உள்விட்டம் 16.5 மி.மீ. என்றால் 12. பட்டை 4 மி.மீ.க்கு மேல் அகலமாக இருந்தால் ஒரு எண் கூட்டுங்கள்.

சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அளவு மாற்ற முடியாது. பாதி வரை கல் உள்ளதை மாற்றலாம். ஆர்டர் கொடுத்துச் செய்வதானால் நிச்சயத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கொடுங்கள். அளவு சரியில்லாவிட்டால் திருத்த நாள் வேண்டும்.

தினமும் போட்டுக்கொள்ளலாமா? எப்படிப் பராமரிப்பது?

போடலாம். மாவு பிசையும்போதும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும், பிளீச்சிங் பவுடர் கையாளும்போதும் கழற்றிவிடுங்கள். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். புதிதாக வாங்கிய கல் இரண்டே மாதத்தில் மங்கிவிட்டது என்று வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லில் குறை இல்லை, அடியில் மஞ்சளும் எண்ணெயும் படிந்திருக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, மென்மையான டூத் பிரஷ்ஷால் கல்லின் பின்பக்கம் தேயுங்கள். கழுவும் தொட்டியில் செய்யாதீர்கள், கிண்ணத்தில் செய்யுங்கள்.

மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் வைரம் அவற்றைக் கீறிவிடும். மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதருகே பிடித்து விரலால் தட்டுங்கள். கலகலவென்று சத்தம் வந்தாலோ, புடவை நூல் பிராங்கில் மாட்டி இழுத்தாலோ அன்றே கழற்றி வைத்துவிட்டு, கல் பதிப்பவரிடம் கொண்டுபோய் இறுக்கிக்கொள்ளுங்கள்.